முப்பத்தைந்தாயிரம் கட்டாதீர்கள், அம்மா

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு. "உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று யாரோ உட்கார்ந்து உருவாக்கிய மொழியைப் படிக்கப் போகிறாளாம். எஸ்பெராண்டோவா, இன்டர்லிங்குவாவா, லோஜ்பனா என்று தினம் ஒன்று சொல்கிறாள். ஃபிராங்பர்ட்டில் இருக்கும் என் கொழுந்தனார், ஜெர்மன் பி1 முடிக்கச் சொல்லுங்கள் அண்ணி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். இங்கே ஒரு பயிற்சி மையம் சர்வதேச மொழி டிப்ளமா என்று 35,000 ரூபாய் கேட்கிறது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?"

கவலை வேண்டாம் என்று தொடங்குவது எங்கள் தொழில் வழக்கம். அதை விட்டுவிடுகிறேன். வேலை கிடைக்காது, அம்மா. இந்த மூன்றில் எது தெரிந்தாலும், தெரிந்ததற்காக மட்டும் சம்பளம் தர ஆளில்லை.

அதற்காகக் கொழுந்தனார் சொல்வதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஜெர்மனிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஜெர்மன் அவசியம்தான். உங்கள் மகள் அப்படி நினைப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அனுப்ப நினைப்பவர் சித்தப்பா. டிப்ளமாவுக்கோ ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். லெர்னு தளத்திலும் டுவோலிங்கோவிலும் எஸ்பெராண்டோ இலவசமாகவே கிடைக்கிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் உலக எஸ்பெராண்டோ சங்கம், ஹங்கேரியின் மொழித்தேர்வு மையத்தோடு சேர்ந்து நடத்தும் தேர்வு இருக்கிறது. அதிலும் பி1, பி2, சி1 நிலைகள்தான்; மொழித்திறனை அளக்க, கொழுந்தனார் சொல்லும் அதே ஐரோப்பிய அளவுகோல்.

மூன்றில் எது? லோஜ்பன் 1987இல் தொடங்கியது. இலக்கணத்தில் இருபொருளுக்கு இடம் வைக்காத மொழி. கோடிங் பிடித்தவர்களுக்கு ருசிக்கும், பேசத்தான் ஆள் தேடவேண்டும். 1951இல் அகராதியோடு வெளிவந்த இன்டர்லிங்குவாவை ஸ்பானியமோ இத்தாலியமோ தெரிந்தவர் படிக்காமலே ஓரளவு புரிந்துகொள்வார். ஈரோட்டுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை.

நான் எஸ்பெராண்டோ என்பேன். கண் மருத்துவர் சாமன்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்டது. அடிப்படை விதிகள் 16. பேசுவோர் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் சில பத்தாயிரத்திலிருந்து இருபது லட்சம் வரை அலைகின்றன. பெரிய எண்ணைச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். 'கீயே' எங்கே, 'டீயே' அங்கே. 'கீயாம்' எப்போது, 'டீயாம்' அப்போது. 'கீயோம்' எவ்வளவு, 'டீயோம்' அவ்வளவு. நம் எகரமும் அகரமும் செய்யும் வேலையேதான். 'ஹுண்டோ' நாய், 'ஹுண்டோன்' நாயை. ஆங்கிலேயர் தடுக்கி விழும் இந்த இரண்டாம் வேற்றுமையில் நம் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் குறைவு.

இனி யாரும் அவளிடம் சொல்லாத வழி ஒன்று: கணினி மொழியியல், அதாவது மனித மொழியைக் கணினி கையாளும்படி செய்யும் துறை. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பி.எஸ்.ஓ. என்ற மென்பொருள் நிறுவனம், சற்றே மாற்றிய எஸ்பெராண்டோவை இடைமொழியாக வைத்து எந்திர மொழிபெயர்ப்பை உருவாக்க முயன்றது. திட்டம் சந்தைக்கு வரவில்லை. அவர்கள் ஏன் இந்த மொழியைத் தொட்டார்கள் என்பது ஒரு சொல்லைப் பிரித்தாலே தெரியும். 'சான்' நலம், முன்னால் 'மல்' வந்தால் எதிர்ப்பதம், 'உல்' ஆள், 'ஏய்' இடம், 'ஓ' பெயர்ச்சொல். எல்லாம் சேர்ந்து 'மல்சானுலேயோ', மருத்துவமனை. விதிவிலக்கு கிடையாது, நிரல் எழுதப் பழகத் தோதான மொழி. ஆனாலும் சுலபம் என்று அசந்துவிட முடியாது. 'சென்டேமா' என்பதை 'சென்-டேம்-ஆ' என்று பிரித்தால் கருப்பொருள் இல்லாதது, 'சென்ட்-ஏம்-ஆ' என்று பிரித்தால் எளிதில் உணர்ச்சிவசப்படுவது. எந்தப் பிரிப்பு என்று நிரலுக்கு எப்படிச் சொல்வது? அந்த இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது.

ஆகவே அவளிடம் சொல்லுங்கள்: தினம் அரைமணி மொழி. இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் எஸ்பெராண்டோச் சொல்லைப் பிரிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதட்டும், எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே வேலையைத் தமிழில் செய்யட்டும், 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவாவது' போன்ற சொற்களோடு. சந்தியும் சாரியையும் அப்போது ஆளை உலுக்கிவிடும். தமிழுக்கு இப்படிப்பட்ட கருவி செய்யத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. நேர்முகத் தேர்வில் காட்டவும் கையில் ஒன்று இருக்கும்.

இதில் எதுவும் பிடிக்கவில்லை, சும்மா பேசத்தான் ஆசை என்றால் அதையும் விடுங்கள். அரைமணி நேரம் அவளுடையது. முன்பணம் கட்டியிருந்தால் மட்டும் நாளைக்கே போய் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்.