தூதரகத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிற அரச காணி அந்த நாட்டு மண்ணாகிவிடுமா? பேச்சுவார்த்தை ஏன் இவ்வளவு இழுபடுகிறது?

ஆகாது. காணி எப்போதும் அரசின் காணிதான். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் நம் இலங்கைப் பொலிஸ் அந்த வளவுக்குள் கால்வைக்க முடியாது. அதை வைத்துத்தான் "அது அவங்கட மண்" என்று சனம் கதைக்கிறது. நீங்களும் எங்கோ அப்படிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் போல.

இழுபடுவதும் அதனால்தான். சாதாரண குத்தகைக்காரர் தவணை முடிந்தும் எழும்பாவிட்டால் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுகிற அதிகாரியை, அதாவது பிஸ்காலை, அனுப்பலாம். தூதரகத்துக்கு அனுப்ப ஏலாது. ஆகவே எத்தனை வருடம், என்ன வாடகை, கீழ்க்குத்தகை கொடுக்கலாமா, அவர்களுடைய தலைநகரில் நமக்கு என்ன தருவார்கள் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கதைத்து முடிக்கவேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிற 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம்கூட தூதரகங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது.

நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலையில் ஒரு கந்தோரின் காணிப் பிரிவில் 22 வருடம் லிகிதராக இருந்தவன். தூதரகக் கோப்பு எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இரண்டு நாடு காணி கதைப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தத் தாங்கிகளைப் பற்றி 1987இல் இந்தியாவும் இலங்கையும் கடிதத்தில் எழுதிக்கொண்டார்கள். 2003இல் 35 வருடத்துக்கு ஒப்பந்தம். ஆறு மாதத்துக்குள் குத்தகை உறுதி எழுதுவதாக இருந்து, எழுதவேயில்லை. 2022 ஜனவரியில்தான் 99 தாங்கிகளையும் பிரித்து 50 வருடத்துக்கு எழுதினார்கள். (இந்தியாவுக்கு எதிரானவன் என்று யாரும் கிளம்பவேண்டாம். என் மகன் படித்ததே சென்னையில்.)

எனக்கு எரிகிற இடம் வேறு. அம்மாவின் காணி திருகோணமலைப் பக்கம் சம்பூரில். 2006இல் சண்டைக்குப் பயந்து ஓடும்போது, பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) தகரப்பெட்டியோடு போய்விட்டது. பிறகு அந்தப் பக்கத்தை அனல்மின் நிலையம், தொழிற்பேட்டை என்று யார் யாரோ கதைத்தார்கள். 2015இல் அரசு அங்கே 818 ஏக்கரைத் திரும்ப விட்டபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போனேன். பெயர் வேண்டாம். பேரேட்டில் அந்தப் பக்கமே இல்லையாம். "பெர்மிட் இல்லாமல் நீங்கள் அங்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சி, அம்மா?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை.

"கிணத்துக்கட்டில போய்ப் பாருங்கோ தம்பி. சீமெந்து காயமுதல் எங்கட அவர் திகதி கீறி வைச்சவர்."

போய்ப் பார்த்தார்கள். கட்டு இடிந்திருந்தது, திகதி இருந்தது. ஆனாலும் நாலு வருடம் அலைந்தோம். எத்தனையோ பேருக்கு இதே கடிதங்களை எழுதிக்கொடுத்தவன் நான், என் அம்மாவுக்கு எழுதும்போது கை ஓடவில்லை.

பெர்மிட் வந்தது. அம்மாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தக் கொடுத்திருக்கிறேன்.