ஸ்மோக்கி மலையில் ஆர்.வி.: அக்டோபர் பயணத்துக்கான கேள்வி பதில்

ஆறு வருடமாக இலையுதிர் காலத்தில் வாடகை ஆர்.வி. (படுக்கை, அடுப்படியோடு கூடிய வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குப் போய்வருகிறேன் என்று வாய்விட்டதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அண்ணா, இலை நிறம் மாறுவதைப் பார்க்க எந்த வாரம் வரலாம்? ஒரே ஒரு வாரயிறுதிதான் கையில் இருக்கிறது.

அக்டோபர் நடுவில் வாருங்கள். இங்கே நிறம் மேலிருந்து கீழே இறங்கும். குவோஹி உச்சி 6,643 அடி (2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று பெயர்), அடிவாரத்துக் கேட்லின்பர்க் சுமார் 1,300 அடி. மேலே பிர்ச், பீச் மரங்கள் செப்டம்பர் கடைசியிலேயே மஞ்சளாக ஆரம்பித்துவிடும், கீழே மேப்பிளும் ஓக்கும் சிவக்க நவம்பர் தொடக்கம்வரைகூட ஆகும். ஒரு வாரம் முன்பின் ஆனாலும், மலையில் ஏறியோ இறங்கியோ நிறத்தைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: 36 அடி மோட்டார் ஹோம் (தானே ஓடும் ஆர்.வி.) பேசி முடித்துவிட்டேன். எல்க்மான்ட் முகாமில் நிறுத்தலாமா?

முடியாது. அங்கே மோட்டார் ஹோமுக்கு 35 அடிதான் வரம்பு. ஸ்மோக்மான்ட், கேட்ஸ் கோவ் முகாம்கள் இரண்டிலும் 40 அடி வரை விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் தனி அளவு உண்டு, அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும், அக்டோபர் வாரயிறுதிகள் சட்டென்று போய்விடும். இன்னொன்று, ரோரிங் ஃபோர்க் சாலையில் ஆர்.வி.க்கு அனுமதியே இல்லை. ஆர்.வி.யை வீடு மாதிரி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சுற்றுவதற்கு ஒரு சின்ன கார் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

கேள்வி: கரண்ட், தண்ணீர் கனெக்‌ஷன் உண்டா?

இந்த மூன்று முகாமிலும் கிடையாது, ஷவரும் இல்லை. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் இரவு 8 முதல் காலை 8 வரை தடை, சில பகுதிகளில் எப்போதுமே தடை. முதல் வருடம் இது எனக்கு உறைக்கவில்லை. ஹீட்டர் கேஸில்தானே எரிகிறது என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். கேஸ் எரிந்தாலும் சூட்டை ஊதித்தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது என்பது மூன்று மணிக்குத்தான் புரிந்தது. விசிறி முனகி முனகி நின்றது, பேட்டரி இறங்கிவிட்டது என்று எச்சரிக்கைக் கருவி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது, ஜன்னல் உள்பக்கம் நம் மூச்சே நீராய் வழிந்தது. எட்டு மணி ஆகும்வரை நான்கு பேரும் ஒரே கட்டிலில் கம்பளிக்குள். இப்போதெல்லாம் மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஜெனரேட்டர் போட்டு பேட்டரியை நிரப்பிவிட்டு, ஹீட்டரை 58 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறோம்.

கேள்வி: பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் விடலாமா?

கூடாது. டேங்கிலேயே பிடித்து வைத்து டம்ப் ஸ்டேஷனில்தான் (ஆர்.வி. கழிவுநீரைக் கொட்டும் இடம்) கொட்ட வேண்டும். ஸ்மோக்மான்டிலும் கேட்ஸ் கோவிலும் இருக்கிறது. கழிவறை டேங்கை முதலில் திறந்துவிடுங்கள், குழாயைச் சோப்புத் தண்ணீர் பிறகு கழுவிவிடும்.

கேள்வி: மீன் குழம்பு வாசனைக்குக் கரடி வருமா?

வரலாம். பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுப்பு ஏற்றும் மும்முரத்தில் இருக்கும். குழம்புச் சட்டியோ குப்பைப் பையோ வெளியே ஒரு நிமிடமும் தனியாக இருக்கக் கூடாது. கரடியைப் பார்த்தால் 150 அடி தள்ளியே நில்லுங்கள், அது சட்டம். அப்புறம், வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். பூச்சி பரவும் என்பதால் சூடேற்றிச் சான்றளித்த விறகு மட்டுமே அனுமதி.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனோ ஏறத் துடிக்கிறான். எங்கே போவது?

பையனுக்கு ஆலம் கேவ் மலைப்பாதை. பாறைக் குடைவு வரை ஒரு வழி 2.3 மைல், நடுவில் ஆர்ச் ராக் என்ற பாறை ஓட்டைக்குள் படியேறி, இரும்புக் கயிற்றைப் பிடித்து வெளியே வர வேண்டும், அதற்காகவே போகலாம். அம்மாவைக் குவோஹிக்கு அழைத்துப் போகாதீர்கள், அரை மைல் தார்ப்பாதைதான், ஆனால் செங்குத்து. ஒகோனலஃப்டீ ஆற்றோரப் பாதை கிட்டத்தட்ட சமதளம், ஒரு வழி ஒன்றரை மைல். 2001இல் திரும்பக் கொண்டுவந்துவிட்ட எல்க் மான்கள் காலையிலும் அந்தியிலும் பக்கத்துப் புல்வெளிக்கு வரும். இது இணை சேரும் பருவம், ஆண் மான் கத்துவது புல்லாங்குழலை யாரோ தப்பாக ஊதுவது போலிருக்கும். கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

நுழைவு இலவசம். 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40. டேக் இருந்தால் இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஆலம் கேவ் போவதென்றால் ஏழரைக்கே அங்கே இருங்கள்.