வாசகர் கேள்வி பதில்: குடில் பிறந்த மலையூர்

கேள்வி: எங்கள் வீட்டில் மார்கழி பிறந்ததும் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டத் தொடங்கிவிடுவோம். இவ்வழக்கம் இத்தாலியின் மலையூர் ஒன்றில் தோன்றியது என்று பங்குச் சாமியார் சொன்னார். அங்கே முதன்முதலில் வைத்த சுரூபங்கள் (உருவச் சிலைகள்) எப்படி இருந்தன?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சாமியார் சொன்னது சரியே, ஆனால் அந்த முதல் குடிலில் சுரூபமே கிடையாது. உரோமைக்கு வடக்கே, ரியேட்டி சமவெளியைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிரேச்சோ என்னும் சிற்றூரில், 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், அசிசி நகரின் புனித பிரான்சிஸ் ஏற்பாடு செய்தவை ஒரு தீவனத் தொட்டி, அது நிறையக் காய்ந்த புல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவே. பெத்லகேமில் பிறந்த பிள்ளை எத்தனை வசதிக்குறைவோடு புல்லின்மேல் கிடந்தது என்பதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர் ஆசை. ஊரார் தீவட்டியும் மெழுகுதிரியும் ஏந்திக் கூடினார்கள். தொட்டியின் மேலேயே பூசை நடந்தது. திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) உடையில் நின்று பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார்.

இந்நிகழ்ச்சி அசிசிப் பேராலயத்தின் மேல்தளக் கோயிலில் சுவரோவியமாக இருக்கிறது. ஓவியர் ஜோத்தோ தீட்டியது என்பது நெடுநாள் வழக்கு. அதில் என் கண் எப்போதும் போய் நிற்கும் இடம், உயரத்தில் மக்கள் பக்கமாகச் சாய்ந்திருக்கும் பெரிய சிலுவை. நமக்குத் தெரிவது அதன் முதுகும் அதைத் தாங்கும் மரச்சட்டங்களுமே. ஆகவே படம் பார்க்கும் நாமும் பீடத்தருகில், துறவிகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். பெண்களோ வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

சுரூபங்கள் பிறகு வந்தன. கோலே தி வால் தெல்சா என்னும் மலையூரில் பிறந்த சிற்பி அர்னோல்ஃபோ தி கம்பியோ, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமையின் புனித மரியா பெருங்கோவிலுக்காகச் செதுக்கியவை, இன்றிருக்கும் மிகப் பழைய குடில் சுரூபங்களுள் சேர்ந்தவை. பொம்மை வாங்க முடியாத வீட்டார் கலங்க வேண்டியதில்லை. தொட்டியும் வைக்கோலும் நம் தொழுவத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் மண்பாண்டம் வனைகிறவர்கள். இத்தாலிய மலையூர்ப் பாண்டங்கள் எப்படி அவ்வளவு வெள்ளையாக வருகின்றன?
– வாசகர், காருகுறிச்சி

பதில்: அந்த வெண்மை மண்ணின் நிறம் அன்று, மேற்பூச்சின் நிறம். நடு இத்தாலியின் உம்பிரியா வட்டாரத்துத் தெருத்தா ஊரில், ஒருமுறை சுட்ட பாண்டத்தை, வெள்ளீய ஆக்சைடு கலந்த பூச்சுக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். காய்ந்த பூச்சு மாவு படிந்ததுபோல் இருக்கும். தூரிகை பட்ட கணமே வண்ணத்தை உறிஞ்சிவிடும். அழித்துத் திருத்த வழியில்லாததால் கை தயங்காமல் கோடு இழுக்கத் தெரிந்தவரே அங்கே ஓவியர். பிறகு மறுபடியும் சூளையில் வைக்க, பூச்சு உருகிக் கண்ணாடியாகும்.

அதே வட்டாரத்துக் குப்பியோ ஊரின் ஜோர்ஜோ ஆந்த்ரேயோலி, 16-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் முறையும் புகைமூட்டிச் சுட்டு மாணிக்கச் சிவப்பில் மினுங்கும் தட்டுகளைச் செய்து புகழ்பெற்றார். காற்றைக் குறைத்துச் சுடும் அந்த அறிவு நமக்கும் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பாண்டங்களின் கறுப்பும் அவ்வாறு வந்ததே. (இதே குப்பியோவில்தான் 1981 முதல் டிசம்பர் 7 அன்று, இஞ்ஞினோ மலைச்சரிவு முழுவதும் விளக்குகளால் கிறிஸ்துமஸ் மரம் ஏற்றுகிறார்கள்.)

கேள்வி: இத்தாலிய மலையூர்களில் கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கென்று தனி வாத்தியம் உண்டா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: உண்டு. நடு இத்தாலியின் அப்ருட்சோ மலைகளின் ஆட்டிடையர்கள் இருவர் இருவராக ஊர்களுக்கு இறங்கிவந்து, மாதா மாடங்களுக்கும் குடில்களுக்கும் முன்நின்று வாசிப்பது பழைய வழக்கம். ஒருவர் கையில் சம்போஞ்ஞா என்னும் தோல்பை வாத்தியம். மற்றவர் கையில் சீவாளி வைத்து ஊதும் சாரமெல்லா என்னும் சிறு குழல். பை விடாமல் சுருதி பிடிக்க, குழல் அதன்மேல் பாடும். ஒத்துக்காரர் மூச்சு விடாமல் சுருதி நிறுத்த, காருகுறிச்சி அருணாசலம் நாகசுரத்தில் ராகம் விரித்ததைக் கேட்டு வளர்ந்த நம் செவிக்கு அந்தச் சேர்க்கை உடனே பிடிபடும். அவர்கள் வாசிப்பது மட்டும் பெரும்பாலும் தொட்டில் ஆட்டும் தாலாட்டு நடை.