சோதனை வேளையில் பாட்டு: கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்துச் சபையார் அனுப்பிய கேள்விகளுக்கு, திருச்சபைப் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திவந்த மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (காட்பாடி, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்): ஐயா, இரவில் கைப்பேசியில் பார்க்கத் தகாதவற்றைப் பார்க்கும் இச்சை எழும்போது கிறிஸ்தவப் பாடல்களை ஓடவிடுகிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துபோகிறேன். பாட்டுக்கு வல்லமை இல்லையா, அல்லது என் விசுவாசத்தில் குறையா?

பதில்: தம்பி, பாட்டின் மீதும் விசுவாசத்தின் மீதும் பழி போடுமுன், பாட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இச்சையைத் தூண்டுவதும் அதை அடக்க நீங்கள் தேடுவதும் ஒரே கருவிக்குள், ஒரு விரலசைவு தூரத்தில் இருக்கின்றன. தன் எஜமான் போத்திபாரின் மனைவி தவறான உறவுக்கு அழைத்தபோது யோசேப்பு முதலில் நியாயம் சொல்லி மறுத்தான். அவள் வஸ்திரத்தைப் பிடித்த அன்றோ பேச்சை நிறுத்தி, வஸ்திரத்தையும் விட்டுவிட்டு வெளியே ஓடினான் என்று ஆதியாகமம் 39-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே விளக்கணைக்குமுன் கைப்பேசியை அறைக்கு வெளியே, நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். விடிகாலை அலாரத்துக்கு ஒரு சிறிய கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

அதன் பிறகுதான் பாட்டின் வேலை தொடங்குகிறது. கருவி பாடும் பாட்டைக் கேட்டுக்கொண்டே மனம் எங்கு வேண்டுமானாலும் போகும். நாமே வாய்விட்டுப் பாடும்போது மூச்சும் நாவும் நினைவும் ஒன்றுசேர்ந்து உழைக்கவேண்டியிருப்பதால், வேறொரு நினைவு நுழைய இடம் குறைகிறது. ஆனால் சொற்கள் மனப்பாடமாக இருந்தால்தான் இருட்டில் பாட முடியும். "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்ற சங்கீதக்காரன் (119:11), சோதனை வந்த பின் வசனத்தைத் தேடப்போகவில்லை. அதற்கு முன்பே வைத்திருந்தான். பகலில், மனம் தெளிவாக இருக்கும்போது, ஒரு பாட்டை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடைசி இராப்போஜனம் முடிந்து, இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவ மலைக்குப் போனார்கள் (மத்தேயு 26:30). அது பஸ்கா என்னும் யூதப் பண்டிகையின் இரவில் பாடப்படும் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களின் ஒரு பகுதி என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. "கர்த்தர் என் பட்சத்தில் இருக்கிறார், நான் பயப்படேன்" என்ற அடி அவற்றில்தான் வருகிறது. அதே பாட்டைப் பாடிய சீஷர்கள் சற்று நேரத்தில் கெத்செமனேயில் உறங்கிப்போனார்கள், பேதுருவோ விடிவதற்குள் இயேசுவை அறியேன் என்று மறுதலித்தான். பாடிவிட்டோம் என்பதால் விழித்திருக்கும் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. விழுந்துபோன இரவில் பாட்டே வேண்டாம் என்று ஒதுங்காமல், பாவமன்னிப்பு வேண்டும் 51-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள்; போதகரிடமோ நம்பத்தக்க ஒரு மூத்தவரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி (ஆம்பூர், காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் சகோதரி): கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சினிமாப் பாட்டுதான். கேட்பது பாவமா, ஐயா?

பதில்: பாவம் என்று ஒரே வரியில் சொல்லிவிட என்னால் முடியாது, சகோதரி. உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, கற்புள்ளவை எவையோ அவற்றைச் சிந்தியுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது (4:8), அவை எந்த முத்திரையோடு வரவேண்டும் என்று சொல்லவில்லை. தாயைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் வந்த சில திரைப்பாடல்கள், அவசரத்தில் எழுதப்பட்ட சில பக்திப் பாடல்களைவிடச் சுத்தமானவை என்றே நினைக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பிறகு எந்த அடி உங்கள் நாவில் தானாக ஓடுகிறது, அது உங்கள் எண்ணத்தை எங்கே இழுத்துப்போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். இழுத்துப்போகிற பாட்டு எதுவோ, அது வரும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுங்கள். ஓட்டுநரோடு சண்டை வேண்டாம்.

கேள்வி (ராணிப்பேட்டை, ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்): பாட்டு சோதனையை விரட்டும் என்கிறார்கள். எனக்கோ பாட்டே சோதனையாகிவிட்டது. யார் பாராட்டினார்கள், நம் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே ஜெபத்திலும் நினைவுக்கு வருகிறது.

பதில்: இதைக் கேட்கத் துணிந்ததற்காக உங்களை மதிக்கிறேன், பாடகர் குழுக்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 354 முதல் 430 வரை வாழ்ந்த ஆயர் அகஸ்தீன், 'அறிக்கைகள்' என்னும் தம் வாழ்க்கை நூலின் பத்தாம் புத்தகத்தில் இதே கவலையை எழுதியிருக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் விதம் தம்மை அதிகமாக அசைக்கும்போது தாம் பாவஞ்செய்வதாகவும், அப்போது பாட்டைக் கேளாமல் இருப்பதே மேல் என்று தோன்றுவதாகவும் சொல்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் சங்கீதத்தைப் பேச்சுக்கு நெருக்கமாக, ராக அசைவு மிகக் குறைவாக ஓதச் செய்தார் என்ற செய்தியையும் அங்கே நினைத்துப் பார்க்கிறார். ஆயினும் மனமாற்றத்தின் தொடக்கத்தில் சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை மறக்க முடியாமல், திருச்சபையில் பாடும் வழக்கம் இருக்கட்டும் என்ற பக்கமே சாய்கிறார்.

நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் உங்களுக்கு ஒரு கடினமான பயிற்சியைச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் கீபோர்டைத் தொடாமல், ஞாயிறன்று வாசிக்கப்போகும் பாட்டின் சொற்களைத் தாளில் கையால் எழுதி, ஒவ்வொரு சரணத்தையும் ஜெபமாகச் சொல்லுங்கள். மாதத்தில் ஓர் ஆராதனையில் கருவியை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சபையோடு பெஞ்சில் அமர்ந்து பாடுங்கள். அந்தப் பிள்ளை உங்களைவிட நன்றாக வாசித்துவிட்டால் மனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது அப்போது தெரியும். "நான் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" (1 கொரிந்தியர் 14:15) என்பதை எங்கள் பயிற்சி அறையில் கரும்பலகையின் மேல் எழுதிவைத்திருந்தோம். சுருதி பிசகினால் கோபப்பட்ட நாங்கள், கருத்து பிசகியபோது கோபப்பட்டதாக நினைவில்லை.

கேள்வி (குடியாத்தம், சபை மூப்பர்): பிள்ளைகள் புதிய பாடல்களையே பாடுகிறார்கள். மனதைக் காப்பதற்குப் பழைய கீர்த்தனைகள்தானே உகந்தவை?

பதில்: பழமையே ஒரு தகுதி என்று நான் கருதவில்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்களும் அவர் காலத்தில் புதியவைதாம். ஆனால் 1853-இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் என்னும் அமெரிக்க ஊழிய அமைப்பின் வழிவந்த நம் சபைகளில் கீர்த்தனை நிலைத்ததற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம் என்பேன். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பி வருவதால், எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிமாரும் இரண்டாம் சரணத்துக்குள் பல்லவியைப் பிடித்துக்கொள்வார்கள்; எதுகையும் மோனையும் அடுத்த அடியை நினைவுக்கு இழுத்துவரும். புதிய பாட்டிலும் சொல்வளம் இருந்தால், கருவிகளை நிறுத்திய பின்னும் அது நிற்கும். பிள்ளைகளை ஒரு முறை கருவியில்லாமல் பாடச் சொல்லுங்கள். நிற்கும் பாட்டு எது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

கேள்வி (வேலூர், ஒரு தாய்): மகன் குடிக்கிறான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆவிக்குரிய பாடல்களைச் சத்தமாக வைக்கிறேன். தாவீது சுரமண்டலம் வாசித்தபோது சவுல் ராஜாவை விட்டுப் பொல்லாத ஆவி நீங்கியதே?

பதில்: நீங்கியது உண்மைதான், அம்மா; 1 சாமுவேல் 16:23 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 18-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதே தாவீது அதே சுரமண்டலத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, சவுல் அவனைச் சுவரோடு குத்திப்போட ஈட்டியை எறிந்தான். இசை சவுலுக்கு ஆறுதல் தந்தது. தாவீதின் மேல் கொண்ட பொறாமையை விட்டுவிடுவது அவன் செய்யவேண்டிய வேலை, அதை அவன் செய்யவில்லை. மகன் தள்ளாடி வரும் நேரத்தில் சத்தமாக வைக்கும் பாட்டு அவன் காதில் கண்டனமாகத்தான் விழும். பாட்டை உங்களுக்காகக் காலையில் பாடுங்கள். உங்கள் மனதும் காக்கப்படவேண்டியதுதானே. அவன் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. குடியை நோயாகக் கருதிச் சிகிச்சைக்குப் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (ஆரணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): எனக்குக் குரல் இல்லை, தாளமும் வராது. தூக்கம் வராத இரவுகளில் பழைய பகையும் பொல்லாத நினைவுகளும் சூழ்கின்றன. பாடத் தெரியாதவனுக்கு வழி என்ன, ஐயா?

பதில்: ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்னும் துறவி எழுதிவைத்த எகிப்தியத் துறவியரின் முறை உங்களுக்குப் பொருந்தும். எந்த நினைவு தாக்கினாலும் ஒரே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி அவர்கள் கற்பித்தார்கள், அது 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." மூச்சை உள்ளே இழுக்கும்போது முதல் பாதியையும் விடும்போது மறு பாதியையும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம், மூச்சோடு இணைப்பது என் சேர்க்கை. பகை நினைவுக்கு வரும்போது அந்த மனிதரின் பெயரையும் வசனத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். முதல் சில இரவுகளில் அது தொண்டையில் சிக்கும்; அப்படியே சொல்லுங்கள்.