தயாக் வாள் வாங்கப் போகிறீர்களா? உறையைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மீரியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: மாநிலத் தலைநகர் கூச்சிங்கில் ஒரு பழம்பொருள் கடையில் தயாக் வாள், அதாவது போர்னியோ தீவின் பழங்குடிகளான தயாக் மக்களின் வாள் பார்த்தாராம். செதுக்கிய மர உறை, மான்கொம்புப் பிடி, தொங்கும் முடிக்கற்றை எல்லாம் இருக்கிறது. "150 வருஷப் பழசு, தலை வேட்டைக்குப் போன, அதாவது எதிரியின் தலையைக் கொய்த வாள்" என்கிறாராம் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

நீங்கள் அனுப்பிய படத்தில் உறையின் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது, விற்கிறவர்கள் காட்ட ஆசைப்படுவதும் அந்தப் பக்கத்தைத்தான். அசலா, பழசா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். போன வருஷம் ஒரு கிராமத்துக் கொல்லர் லாரி வில்பட்டையில் அடித்துக் கொடுத்த வாளும் அசல்தான், ஆனால் அதற்குப் பழம்பொருள் விலை எதற்கு?

முதலில் அலகு. முனையை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். தயாக் குழுக்களில் காயான், கென்யாஹ் மக்களின் வாளில் (போர்னியோவின் இந்தோனேசியப் பக்கத்தில் மண்டாவ், சரவாக்கில் பாராங் இலாங்) ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் லேசாகக் குழிந்தும் இருக்கும், இடக்கைக்காரருக்கு இது மாறும். இரும்புத் தகட்டை வெட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாணை பிடித்திருந்தால் அது பெரும்பாலும் சுற்றுலாச் சரக்கு. ஆனால் இதை எல்லா தயாக் வாளுக்கும் பொருத்திப் பார்த்துவிடாதீர்கள். இன்னொரு தயாக் குழுவான இபான்களின் நியாபோர் இந்தக் குழிவு இல்லாத வளைந்த வாள், பிடிக்குப் பக்கத்தில் அலகிலிருந்தே சின்னதாக ஒரு கொக்கி நீண்டிருக்கும். ஜிம்புல் என்ற வாள் வகைக்கும் குழிவு கிடையாது. அலகில் பதித்த பித்தளைப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு தலை என்று யாராவது கணக்குச் சொன்னால் கேட்டு ரசியுங்கள், அந்தக் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மான்கொம்பில் வெட்டு விழுந்த இடத்தில் உள்ளே பஞ்சு மாதிரி நுண்துளைகள் தெரியும். வார்ப்புப் பிசினில் காற்றுக் குமிழி இருக்கும், ஓரத்தில் அச்சின் கோடு ஓடும். அலகும் பிடியும் சேரும் இடத்தைக் கறுத்த மரப்பிசினால் அடைத்திருப்பார்கள், பழசானால் அது வறண்டு வெடித்திருக்கும். பளபளவென்று இருந்தால் எபாக்ஸிதான். சிவப்பு, மஞ்சள் சாயம் ஏற்றிய முடியைக் காட்டி மனிதத் தலைமுடி என்பார்கள், அனேகமாக அது ஆட்டு முடி.

இனி உறை. ஏமாற்று வேலை அதிகம் நடப்பதும் இங்கேதான், ஏனென்றால் பழைய அலகுக்குப் புது உறை செய்து மாட்டுவது சுலபம். இரண்டு மரத் துண்டுகளைச் சேர்த்துப் பிரம்புப் பட்டையால் பின்னிக் கட்டியிருப்பார்கள். பிரம்பு கொஞ்சம் தளர்ந்த இடம் கிடைத்தால் நகத்தால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பல வருஷம் கட்டியே கிடந்த உறை என்றால் பிரம்புக்கு அடியில் மரம் வெளுத்தும், வெளியே கைபட்ட மரம் கறுத்து வழவழப்பாகவும் இருக்கும். அடியிலும் வெளியிலும் ஒரே கறுப்பு என்றால் சாயமோ ஷூ பாலிஷோ போட்டிருக்கிறார்கள், வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஓரிரு இடத்தில் மட்டும் பிரம்புக்குப் பதில் நைலான் நூல் இருந்தால் பிற்காலத்துப் பழுதுபார்ப்பு என்றாவது வைத்துக்கொள்ளலாம், கட்டு முழுக்க நைலான் என்றால் வேண்டாம். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், அலகு உரசிய தடமும் இரும்புக் கறையும் அந்த அலகின் வடிவத்தோடு பொருந்த வேண்டும்.

செதுக்கலில் ஆசோ என்ற நாய்-டிராகன் உருவம் வளைந்து வளைந்து ஓடும். கையால் செதுக்கியதில் ஆழம் சீராக இருக்காது, மேடுகள் மழுங்கி பள்ளத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும். மெஷினில் குடைந்த கோடு ஒரே ஆழத்தில் ஓடும். உறையைத் திருப்பினால், உடம்பைத் தொடும் பக்கத்தில் மரப்பட்டையாலோ பாளையாலோ ஆன சின்ன உறை ஒன்று ஒட்டியிருக்கும். நீளப் பிடி போட்ட செதுக்குக் கத்திக்கான இடம் அது. கத்தி தொலைந்து போயிருப்பது சகஜம், அதற்காக ஒதுக்க வேண்டாம். சுற்றுலா வாளில் இந்தப் பின்பக்கத்துக்குத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை.

தலை வேட்டைக் கதையைப் பொறுத்தவரை, 1894-இல் போர்னியோவின் இந்தோனேசியப் பக்கத்துக் கிராமமான தும்பாங் அனோயில் தயாக் குழுக்கள் கூடி அதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள், வாள் செய்வது நிற்கவில்லை. ஆகவே நூறு வருஷப் பழசான வாள்கூடச் சடங்குக்கோ பரிசுக்கோ செய்ததாக இருக்கலாம். அடுத்த முறை கூச்சிங் போகும்போது 2022-இல் திறந்த போர்னியோ கலாச்சார அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைக்குத் திரும்புங்கள், கண் தானாகப் பழகிவிடும்.

விலை பேசுவதற்கு முன் இன்னொன்று. உறையில் தொங்கும் பல் மேகச் சிறுத்தையுடையதோ சூரியக் கரடியுடையதோ என்றால், இறகு இருவாச்சியுடையது என்றால், சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பழம்பொருள் என்ற வகையிலும் சரவாக்கிலிருந்து வெளியே எடுக்கத் தனி அனுமதி வேண்டும். இரண்டுக்கும் காகிதம் யார் வாங்கித் தருவது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.