ஆஸ்திரேலிய ஸ்கில் அசெஸ்மென்டுக்கு சி.டி.ஆர். அறிக்கையை நாமே எழுதலாமா, ஏஜென்டிடம் கொடுத்துவிடலாமா?

ஆஸ்திரேலியாவில் குடியேற விசா கேட்பவரின் தொழில் தகுதியை மதிப்பிடுவதுதான் ஸ்கில் அசெஸ்மென்ட். அதற்காக இன்ஜினியர் தன் வேலைகளைப் பற்றி எழுதித் தரும் அறிக்கைதான் சி.டி.ஆர். கேள்வி கேட்டவர் காரைக்குடிப் பக்கம் சிவில் இன்ஜினியர். வயது 29, அனுபவம் 6 வருடம். அதில் முதல் இரண்டு வருடம் உள்ளூர் காண்ட்ராக்டரிடம், சம்பளம் கையில். இப்போது ஓர் ஏஜென்ட் "சி.டி.ஆர். நாங்களே எழுதித் தருகிறோம்" என்று பணம் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள். நானும் காரைக்குடிதான், நானும் சிவில்தான். இந்த வேலையை ஒருமுறை தப்பாகத் தொடங்கி, மறுபடி முதலிலிருந்து செய்தவன். மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்புக்காக இன்னும் காத்திருக்கிறேன்.

தப்பாகத் தொடங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் ஓர் ஏஜென்டிடம் பாதிப் பணம் கட்டினேன். மூன்று வாரத்தில் மின்னஞ்சலில் மூன்று கட்டுரைகள் வந்தன. முதல் கட்டுரை ஓர் ஆற்றுப் பாலத்தைப் பற்றியது. அழகான ஆங்கிலம், மேலே என் பெயர். நான் வாழ்க்கையில் பாலம் கட்டியதே இல்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் சார், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை" என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை. ஆனால் அது போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஏன் என்றால், இந்த அறிக்கைகளை மதிப்பிடும் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா ஒவ்வொன்றையும் மற்ற அறிக்கைகளோடு மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதே பாலம் வேறொருவர் பெயரிலும் போயிருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. பொய்த் தகவல் கொடுத்ததாக விசாப் பிரிவு முடிவுசெய்தால், விசாவை மறுப்பதோடு 3 வருடத்துக்குக் கதவையும் அடைத்துவிடும். 29 வயதில் மூன்று வருடம் என்பது சின்ன விஷயமா?

சரி, சி.டி.ஆர். எதற்கு? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் அதனால் எல்லா பி.இ. பட்டமும் நேரடியாகச் செல்லுபடியாகிவிடாது. நீங்கள் படித்த பாடப்பிரிவு, நீங்கள் படித்த காலத்தில், இந்தியாவில் பாடப்பிரிவுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் டயர் 1 அங்கீகாரத்தில் இருந்திருக்க வேண்டும். கல்லூரி எவ்வளவு பழையது, எவ்வளவு பேர்பெற்றது என்பதை இங்கே பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் உங்கள் பாடப்பிரிவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் சி.டி.ஆர். தேவையில்லை, வேலை பாதியாகக் குறையும். என் பாடப்பிரிவு இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்த நிலைமைதான்.

சி.டி.ஆர். என்றால் மூன்று கேரியர் எபிசோட், அதாவது நாம் செய்த ஒரு வேலையைப் பற்றிய கட்டுரை, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் 1,000 முதல் 2,500 சொற்கள். அதோடு ஒரு சுருக்க அட்டவணை. எந்தத் திறமையை எந்தப் பத்தியில் காட்டியிருக்கிறோம் என்று பத்தி எண் போட்டு அதில் குறிக்க வேண்டும். அப்புறம் பட்டத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றின் பட்டியல் ஒரு பக்கம். ஆங்கிலத் தேர்வாக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் நான்கு பிரிவிலும் குறைந்தது 6 வேண்டும். எபிசோடுக்குப் பெரிய திட்டம்தான் வேண்டும் என்று பயப்படாதீர்கள். கல்லூரியில் செய்த கடைசி வருட புராஜெக்டைக்கூட ஒரு எபிசோடாக எழுதலாம்.

அந்த மூன்று கட்டுரையும் கேட்பது ஒரே ஒரு விஷயம்தான்: அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் கம்பெனி செய்ததும் உங்கள் சார் செய்ததும் அவர்களுக்கு வேண்டாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஆங்கிலம் இல்லை, இந்த 'நான்'தான். நம் ஊரில் நான், நான் என்று பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது. பத்து வருடமாக "பண்ணிட்டோம் சார்" என்று சொல்லியே பழகிய வாய்.

என் இரண்டாவது எபிசோடை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை. மாடியில் நீளமான ஹால். அதை விருந்தினர் சாப்பிடும் இடமாக்க வேண்டும் என்றார் உரிமையாளர். ஹாலின் தரையைத் தாங்குவது பர்மா தேக்கு உத்திரங்கள், அவற்றுக்குக் கீழே முதல் கட்டு வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதி. நூறு வருடம் நின்ற உத்திரம், இதற்கு மேல் என்ன ஆகப்போகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் மேஸ்திரி மட்டும் ஏணியில் ஏறி, சுத்தியல் காம்பால் ஒவ்வொரு உத்திரத்தையும் தட்டிக்கொண்டே போனார். சுவரில் சொருகியிருக்கிற முனைக்கு வந்ததும் நின்று, "தம்பி, இங்க சத்தம் மாறுது பாருங்க" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். நடுவில் கணீர் என்று கேட்டது, முனையில் பொத்தென்று கேட்டது. நான் சின்ன டிரில் பிட் கொண்டுவரச் சொல்லி மூன்று இடத்தில் துளை போட்டேன். இரண்டு துளையில் தேக்கின் எண்ணெய் மணத்தோடு சுருள் சுருளாகத் தூள் வந்தது. மூன்றாவதில் மாவு மாதிரி மண் நிறத்தில் கொட்டியது. கரையான்.

இதை எழுத உட்கார்ந்தபோது ஆங்கிலத்தில் எனக்கு வந்த முதல் வரியின் அர்த்தம் இதுதான்: "உத்திரங்கள் பரிசோதிக்கப்பட்டு வலுப்படுத்தப்பட்டன." பரிசோதித்தது யார்? வலுப்படுத்தியது யார்? அந்த வரியில் மேஸ்திரியும் இல்லை, நானும் இல்லை. அதை அடித்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் முதலில் தமிழில் எழுதினேன். தமிழில் எழுதினால் வினையின் கடைசி எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். போட்டேனா, போட்டோமா, போட்டாரா, போடப்பட்டதா? 'ஓம்' என்று முடிந்த ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இதில் என் பங்கு எது என்று கேட்டுக்கொண்டேன். தட்டிக் கண்டுபிடித்தது மேஸ்திரி. அதை அப்படியே எழுதினேன், மறைக்கவில்லை. துளை போட்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்தது நான். வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் என்று எடுக்கிற பாரம், சாப்பாட்டுக் கூடம் என்றால் 4 ஆகிவிடுகிறது என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தைப் பார்த்து உரிமையாளரிடம் சொன்னது நான். 300 மில்லிமீட்டர் ஆழமுள்ள உத்திரத்தில் 40 மில்லிமீட்டர் போனால் பார்வைக்குக் கொஞ்சம்தான். ஆனால் வளைவைத் தாங்கும் வலு ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கால்வாசி வலு போய்விடும். அந்தக் கணக்கைப் போட்டது நான். மரத்துக்கு ஐ.எஸ். 883, இரும்புக்கு ஐ.எஸ். 800 வைத்து, உத்திரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் கொடுத்து போல்ட் போட வரைபடம் போட்டதும் நான். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட். அதையும் எழுதினேன்.

இப்படிப் பிரித்தபிறகு கட்டுரை தானாக வந்துவிட்டது. நோட்டிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் ஆங்கிலம் எளிமையானதுதான். எந்த முடிவை ஏன் எடுத்தேன், வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டேன் என்பது அதில் இருந்தது. அது இல்லாமல் வெறும் மேற்பார்வை வேலையாக எழுதினால், புரொஃபஷனல் இன்ஜினியர் என்று கேட்டதைக் குறைத்துக் கீழ்ப் பிரிவில் மதிப்பிட்டுவிடலாம். அதே நேரம் பக்கம் பக்கமாகக் கணக்கும் போட்டோவும் ஒட்டாதீர்கள். ஒரு வரைபடம், ஒரு கணக்குச் சுருக்கம் போதும்.

அடுத்தது உங்கள் கையில் வாங்கிய சம்பளம். பட்டத்தை மதிப்பிடுவது வேறு, வேலை அனுபவத்தை மதிப்பிடுவது வேறு. இரண்டாவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு கம்பெனி லெட்டர்பேடில் கடிதம் வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவி, என்னென்ன பொறுப்பு. அதற்குத் துணையாக மூன்றாம் தரப்பு ஆவணமும் வேண்டும். வருமான வரிக் கணக்கு, பி.எஃப். போல. எனக்கும் முதல் வேலை உங்களைப் போலத்தான். காண்ட்ராக்டர் அண்ணன் நல்லவர். ஆனால் "நல்ல பையன், நன்றாக வேலை பார்த்தான்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் என்ன தம்பி வேணும் என்றார். அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வழி சொன்னது அப்பச்சிதான், எங்கள் அப்பா. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பினாங்கில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாளராக, இருந்தவர். கடல் கடந்து தொழிலுக்குப் போவதைத்தான் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். "ஐயா கொண்டுவிக்கப் போனப்ப சம்பளச் சிட்டை எழுதினாங்கல்ல, எந்த ஊரு, எத்தனை வருஷம், என்ன சம்பளம்னு. அந்த மாதிரி ஒண்ணு கேக்குறாங்கன்னு சொல்லு, அவருக்குப் புரியும்" என்றார். அப்படியே சொன்னேன். காண்ட்ராக்டர் அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் பார்த்த வேலைகளை நானே பட்டியலாக எழுதிக் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, செய்யாத ஒன்றை அடித்துவிட்டு, லெட்டர்பேடில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இருந்தாலும் அந்த இரண்டு வருடத்துக்கு வரிக் கணக்கோ பி.எஃப்.போ இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு வரவுகூட இல்லை. அதனால் அனுபவமாக அதைக் கோரவில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வெயிலில் நின்று பார்த்த வேலை அது. ஆனால் அந்த வேலையில் ஒரு எபிசோட் எழுதியிருக்கிறேன். எபிசோட் எழுத பி.எஃப். தேவைப்படவில்லை. உங்கள் இரண்டு வருடத்தையும் அப்படிப் பயன்படுத்தலாம்.

பெயர் விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், மார்க் சீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். நமக்கு இது சாதாரணம், அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது மூன்று ஆட்கள். நான் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எல்லா வடிவமும் ஒரே ஆள்தான் என்று இணைத்தேன். அதற்குப் பிறகு பெயரைப் பற்றிக் கேள்வி வரவில்லை. சான்றிதழ்களை அசலிலிருந்து கலரில் ஸ்கேன் செய்யுங்கள். ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள்.

விசாவுக்கு வேண்டிய புள்ளிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 25 முதல் 32 வயது என்றால் 30, பி.இ.க்கு 15. அனுபவம் 3 வருடம் முடிந்திருந்தால் 5, 5 வருடம் முடிந்திருந்தால் 10. கையில் வாங்கிய இரண்டு வருடத்தை விட்டால் உங்களுக்கு 4 வருடம், அதாவது 5 புள்ளி. கல்யாணம் ஆகவில்லை என்றால் 10 சேரும். இதுவரை 60. குறைந்தபட்சம் 65 வேண்டும், ஆனால் 65-ஐ வைத்துக்கொண்டு அழைப்பை எதிர்பார்க்க முடியாது. ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, 8 எடுத்தால் 20. எனவே சி.டி.ஆர். எழுதித் தரக் கேட்கிற பணத்தை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். 190 என்ற எண்ணுள்ள விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் 5, பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கான 491 விசாவுக்கு 15 சேரும். மதிப்பீட்டை அவசரப்பட்டு வாங்கி வைத்தும் பயனில்லை. அழைப்பு வரும் நாளில் அது 3 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

விசா கட்டத்தில் ஆலோசனை வேண்டும் என்று தோன்றினால், விசா ஆலோசகர்களைப் பதிவுசெய்யும் ஆஸ்திரேலிய அரசின் மாரா அமைப்பில் பதிவு எண் உள்ளவரைத் தேடுங்கள். எண்ணை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். விதிகளை விளக்கிச் சொல்ல அவர் உதவுவார். உங்கள் எபிசோடை அவரும் எழுத முடியாது.

இன்னொருவர் கீழே கேட்டிருந்தார், ஐ.டி.ஐ. முடித்த தம்பிக்கும் இதே வழியா என்று. இல்லை. எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் எல்லாம் கைத்தொழில்களை மதிப்பிடும் டி.ஆர்.ஏ. வழியில் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் மாதிரி வேலைகளுக்குச் செய்தும் காட்ட வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் வேலைக்கு ஏ.சி.எஸ்., நர்ஸுக்கு ஏ.என்.எம்.ஏ.சி. வேலைக்கு ஏற்ப மதிப்பிடும் இடம் மாறும்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. பழைய சைட் போட்டோக்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கெட்ச், எம்-புக் (வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) பக்கங்கள், எது கிடைத்தாலும் தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நான் போன் மாற்றியதில் கானாடுகாத்தான் வேலையின் படங்கள் பாதி போய்விட்டன. அந்த உத்திரத்தில் போட்ட துளைகளின் ஒரே படம் மேஸ்திரியின் போனில்தான் இருந்தது. முதல் எபிசோட் எழுதி முடித்ததும், முதலில் தமிழ் நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். 'ஓம்' எங்கே எங்கே நிற்கிறது என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.