டிராப்லைனுக்குக் கூப்பிட்டால் போகலாமா? ஓநாய், பாப்கேட் கண்ணி பற்றி

தம்பி, கனடாவில் வில்லியம்ஸ் லேக்கில் மர மில்லில் வேலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் டிராப்லைனுக்கு (தோலுக்காக விலங்கு பிடிக்க ஒருவர் பெயரில் பதிந்த காட்டுப் பகுதி) இந்தக் குளிர்காலம் ஒத்தாசைக்குக் கூப்பிடுகிறார், ஊரில் கம்பிக் கண்ணி வைத்தால் வனத்துறை உள்ளே தள்ளிவிடுமே, இங்கே பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கிற தோலில் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோகும் ஆசையும் இருக்கிறது போல.

இங்கே சட்டப்படியான தொழில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1926லிருந்து டிராப்லைன்கள் பதிவில் இருக்கின்றன. இன்ன ஆற்றிலிருந்து இன்ன மலை வரை இன்னாருக்கு என்று எல்லை வரைபடத்தில் இருக்கும். பல டிராப்லைன்கள் பூர்வகுடிக் குடும்பங்களுடையவை. சொந்தப் பெயரில் பதிய குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். கூடப் போய் விறகு வெட்டிக் கொடுத்து, ஸ்கிடூ என்ற பனி வண்டியில் சாமான் ஏற்றி இறக்கிவிட்டு வருவது வேறு. கண்ணியில் கை வைப்பது வேறு. கை வைப்பதென்றால் முதலில் டிராப்பர் வகுப்பு, தேர்வு, பிறகு உங்கள் பெயரில் டிராப்பிங் உரிமம், அதோடு பெரியவர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம். வனவிலங்கு விதிகளைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசர் பாதையில் மறித்தால் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். ஒவ்வொரு விலங்குக்கும் சீசன் வேறு, பகுதிக்குப் பகுதி வேறு. அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் பார்க்காமல், "போன வருஷம் இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண்ணி என்பது விமானத்துக்குப் பயன்படும் எஃகுக் கேபிள். ஓநாய்க்கு 3/32 அங்குலக் கனம், 8 முதல் 10 அடி நீளம். பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கு 5/64 போதும், 5 அல்லது 6 அடி. ஒரு முனையில் இறுகினால் திரும்பத் தளராத பூட்டு, மறுமுனையில் சுழன்று முறுக்கை வாங்கிக்கொள்ளும் ஸ்விவல், இரண்டையும் பிடித்து நிறுத்த நசுக்கிய அலுமினியக் குழாய்த் துண்டுகள். ஸ்விவல் உறைந்து நின்றுவிட்டால் ஓநாய் சுற்றும் சுற்றில் கேபிள் முறுக்கேறி, மடிந்து, ஒவ்வொரு இழையாக அறுந்துவிடும். புதுக் கேபிளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும். சமையல் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால் எண்ணெய் போய் நிறமும் மங்கும். அதன்பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, வாடை ஒட்டிக்கொள்ளும். தனிக் கையுறை, தனிப் பெட்டி. பெட்ரோல் கேன் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

அளவுக்கு நம்ம ஊர்க் கணக்கு நன்றாகவே உதவும். பாப்கேட்டுக்கு வளையம் ஒரு சாண் அகலம், வளையத்தின் அடி தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ஓநாய்க்கு வளையம் 14 முதல் 16 அங்குலம், வளையத்தின் கீழ்ப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். அளப்பது விலங்கின் கால் பதியும் இறுகிய தடத்திலிருந்து. ஓரத்துப் பஞ்சுப் பனியிலிருந்து அளந்தால் வளையம் அத்தனையும் உயரத்தில் போய் நிற்கும். தாடைக்குப் பின்னால் கழுத்தில் விழுந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். வளையம் பெரிதாகவோ தாழ்வாகவோ இருந்தால் இடுப்பில் விழும். அப்போது விலங்கு மணிக்கணக்கில் துடிக்கும், கேபிளையும் கடித்துத் துண்டாக்கும். அரைச் சாண் தப்பினால் சித்திரவதை. இதில் அலட்சியம் காட்டுகிறவரோடு இரண்டாம் முறை போகாதீர்கள்.

ஒருமுறை வைத்த அளவு அப்படியே இருக்காது. இரவில் 20 செ.மீ. பனி கொட்டினால் முழங்காலில் நின்ற வளையம் கணுக்காலுக்கு வந்துவிடும். பகலில் இளகி இரவில் உறைந்தால் பூட்டுக்குள் பனிக்கட்டி ஏறி, சுருக்கு ஓடாது. கேபிள்மேல் உறைபனி பூத்தால் வெள்ளைக் கயிறுபோல் தெரியும், ஓநாய் சுற்றிக்கொண்டு போய்விடும். கொல்லும் கண்ணியை 14 நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அது உச்ச வரம்புதான். பனி பெய்தால் மறுநாளே போவதுதான் சரி.

ஓநாய்க்குத் தனிக் கண்ணியாக அங்கொன்று இங்கொன்று வைப்பது வீண். கூட்டமாக வரும், ஒன்று மாட்டினால் மற்றவை கற்றுக்கொள்ளும். அதனால் உறைந்த ஏரியின் ஓரத்தில் அடர்ந்த புதருக்குள் பீவர் என்ற நீர்வாழ் கொறிணியின் உடல்களை இரையாகப் போட்டு, உள்ளே வரும் தடங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் இருபது, முப்பது கண்ணிகளை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். கட்டுவது பச்சை மரத்தின் அடியில், குறைந்தது 4 அங்குலப் பருமன். பட்ட மரம் முறியும். சுற்றிலும் கட்டைவிரல் கனத்தில் இளங்கன்றுகள் இருப்பது நல்லது. கேபிள் அவற்றில் சுற்றிக்கொண்டால் ஓடித் திமிறும் தூரம் குறைந்து வளையம் சீக்கிரம் இறுகும்.

பாப்கேட்டுக்கு வாடை அவ்வளவு பெரிய விஷயமில்லை, கண்தான் முதலில். முயல் தடம் நிறைந்த இடத்தில், சாய்ந்து விழுந்த மரத்துக்கு அடியிலோ பாறை விளிம்பிலோ அது நடக்கும் வழி இருக்கும். வளையத்துக்கு ஒரு அடி முன்னால் குறுக்கே ஒரு குச்சியைப் போட்டால் அதைத் தாண்டிக் கால் வைக்கும்போது தலை சரியாக வளையத்துக்குள் போகும். இரண்டு பக்கமும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளை சில செருகினால் போதும். அளவுக்கு மேல் வேலி கட்டினால் பூனை வேறு வழி பார்க்கும். இரையைக் கிளையால் மூடியே வையுங்கள், கழுகு மேலிருந்து பார்த்து இறங்கும்.

வேண்டாத விலங்குதான் பெரிய தலைவலி. மூஸ் என்ற பெரிய மானோ மற்ற மானோ நடக்கும் தடத்தில் வைக்கவே கூடாது. வேறு வழியில்லை என்றால் வளையத்துக்கு மேல், மூன்றரை அடி உயரத்தில், குறுக்கே ஒரு கழி கட்டுவார்கள். மூஸ் தலையைக் குனியாது, சுற்றிப் போகும். பெரிய மிருகம் இழுத்தால் திறந்துகொள்ளும் கொக்கியும் கடையில் கிடைக்கும். அதைவிட மோசம் நாய். வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கண்ணி வைக்கக்கூடாது என்று விதி இருந்தாலும் ஸ்கிடூ தடம் எங்கே இருக்கிறதோ அங்கே யாராவது நாயோடு வருவார்கள். நல்ல கேபிள் வெட்டி ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும். குறடு இந்தக் கேபிளை வெட்டாது.

மாட்டியதை முதலில் நீளக் குச்சியால் கண்ணில் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் கிட்டப் போகாதீர்கள், பெரியவரிடம் விடுங்கள். ஆண் ஓநாய் 40, 50 கிலோ இருக்கும். சுருண்டு உறைந்துவிட்டால் பனியில் இழுக்கும் ஸ்லெட்டில் உட்காராது, வீட்டில் இளகவிட்டுத்தான் உரிக்க முடியும். அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு அவசரப்படுத்தினால் வயிற்று முடி கொட்டிவிடும். ரப்பர் கையுறை இல்லாமல் ஓநாய் குடலையும் எச்சத்தையும் தொடாதீர்கள். அதில் இருக்கும் நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளர்க்கும். நம் வீட்டு ஃப்ரீசர் குளிருக்கெல்லாம் அது சாகாது.

ஏரியைக் கடக்கும்போது ஆறு உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் பனிக்கட்டி மெல்லிசு. பனிப் போர்வைக்குக் கீழே தண்ணீர் ஊறி நிற்கும் இடத்தில் ஸ்கிடூ சிக்கினால் கால் நனையும், மைனஸ் 30இல் அதன்பிறகு நேரம் உங்கள் கையில் இல்லை. மாற்று பூட்ஸும் சாட்டிலைட் கருவியும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

தோல் விஷயம். ஓநாய், பாப்கேட், லிங்க்ஸ் என்ற இன்னொரு காட்டுப்பூனை மூன்றும், வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருக்கின்றன. கனடாவை விட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் வருடச் சட்டத்தின்கீழ் ஓநாய் முதல் அட்டவணை விலங்கு, கனடாவில் பிடித்தது என்று சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆசைக்கு ஒன்று வேண்டுமென்றால் பதனிட்டு உங்கள் வில்லியம்ஸ் லேக் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். மீதியைப் பெரியவர் ஏலத்துக்கு அனுப்பும்போது உங்கள் பங்கு எவ்வளவு என்பதை முதல் கண்ணி வைப்பதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.